இலை மஞ்சளிக்கிறதா? உரப் பொட்டலத்தை எடுக்கும் முன் சட்டிக்குள் விரலை விடுங்கள்

ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் என் வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பாதி மஞ்சள் இலைதான். தக்கலையிலிருந்து மணிபிளான்ட், நாகர்கோவிலிலிருந்து அரேக்கா பாம், குளச்சலிலிருந்து எங்கள் மயினியின் (அண்ணியின்) பீஸ் லில்லி. படத்துக்குக் கீழே எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "என்ன உரம் போடணும்?" அநேகமாக என் பதிலும் ஒன்றுதான். இப்போதைக்கு ஒன்றும் போட வேண்டாம், சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் வளரும் செடி மஞ்சளித்தால் பட்டினி என்பது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. முதல் சந்தேகம் தண்ணீர் மேல். பிறகு வெளிச்சம், சட்டியில் உள்ள கலவை, பூச்சி. இந்த நாலும் இல்லை என்று தெரிந்த பிறகு சத்துக்குறைவைப் பற்றிப் பேசலாம். வேர் அழுகிய செடிக்கு உரம் வைப்பது, வயிறு கெட்டவருக்குச் சக்கைப்பழம் (பலாப்பழம்) கொடுப்பதுபோல.

முதலில் மூன்று சோதனை. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் இறக்குங்கள். மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அடுத்து சட்டியைத் தூக்கி எடை பாருங்கள். நாலு தடவை தூக்கிப் பழகினால் ஈரச்சட்டியும் காய்ந்த சட்டியும் கைக்கே தெரிந்துவிடும். மூன்றாவது, எந்த இலை முதலில் மஞ்சளித்தது? பழைய அடி இலையா, புதுத் தளிரா? எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

அது ஏன் முக்கியம் என்றால், தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் நான்கும் செடிக்குள் இடம் மாறும். தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவித் தளிருக்குக் கொடுத்துவிடும். அடி இலை முதலில் மஞ்சளிக்கும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து மாதிரியானவை ஓர் இலையில் போய் உட்கார்ந்தால் அங்கிருந்து எழுந்து வராது. அவை குறைந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், தளிர்தான் வெளிறும்.

சரி, இனி அறிகுறிக்குப் போவோம்.

அடி இலை மஞ்சள், தொட்டால் தொளதொள, மண்ணில் ஈரம்

குமரியில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. ஏப்ரலில் மூன்று நாளில் காய்ந்த சட்டி ஜூலையில் பத்து நாளானாலும் காயாது. சன்னலைச் சாத்தி வைத்திருப்போம், வெளியே இருட்டு, காற்றெல்லாம் ஈரம். செடி குடிப்பதும் குறைவு, மண்ணிலிருந்து ஆவியாவதும் குறைவு. நம் கை மட்டும் ஏப்ரல் கணக்கிலேயே செம்பைத் தூக்கும்.

"தெனமும் ஒரு செம்பு வெள்ளம் ஊத்தத்தானே செய்யுதேன், பின்ன ஏன் மஞ்சளிக்கு?" என்றார் மயினி. அந்தத் 'தெனமும்'தான் வினை என்று போனில் சொன்னால் ஏற்க மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். சிட்டவுட்டில் பேப்பரை விரித்து, வெள்ளைப் பீங்கான் தொட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் சட்டியை வெளியே எடுத்தேன். பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டை இல்லை. மூன்று விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர் நின்றது. சட்டியைக் கவிழ்த்துத் தட்டியதும் மண்ணும் வேரும் ஒரே கட்டியாக வந்து விழுந்தன, கூடவே ஓடைச் சேற்றின் வாடையும். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். இங்கே பழுப்பு. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் இழை ஒன்று மட்டும் மிச்சம். மயினி அதைப் பார்த்தார், அதோடு விவாதம் முடிந்தது.

மண்ணில் உள்ள காற்றுப் பொந்துகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்கு மூச்சு முட்டும். சாகத் தொடங்கிய வேரில் பூஞ்சை மாதிரியான நுண்ணுயிர்கள் ஏறும். வேர் போனால் மண்ணில் எவ்வளவு சத்து இருந்தும் மேலே வராது, தண்ணீரும் வராது. அதனால்தான் அழுகிய பீஸ் லில்லி தாகத்தில் இருப்பதுபோலவே தலையைத் தொங்கப் போடும். நாம் இன்னொரு செம்பு ஊற்றுவோம்.

செய்ய வேண்டியது: செடியை எடுத்து, அழுகிய வேரை ஸ்பிரிட்டில் துடைத்த கத்திரியால் வெட்டுங்கள். பழைய மண்ணைத் திரும்பப் போடாதீர்கள். மிஞ்சிய வேர்க்கட்டியைவிட ஒரு விரல்கடை மட்டும் பெரிதான, அடியில் ஓட்டையுள்ள சட்டி போதும். பெரிய சட்டியில் அதிகப்படி மண் ஈரத்தைப் பிடித்து வைத்து மறுபடி அழுகும். செம்மண் ஒரு பங்கு, கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, உடைத்த சிரட்டைக்கரி அல்லது பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறைத் துகள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப்பங்கு. இதுவே நான் எப்போதும் போடும் கலவை. நட்ட பிறகு ஒரு மாதமாவது உரத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பீங்கான் தொட்டி அழகுக்கு இருக்கட்டும்; தண்ணீர் விடும்போது உள்சட்டியை வெளியே எடுத்து, வடிந்த பிறகு திரும்ப வையுங்கள்.

ஸ்னேக் பிளான்ட்டும் இசட் இசட் பிளான்ட்டும் தண்ணீரைத் தம் உடம்பிலேயே சேமித்து வைப்பவை. மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினாலே தாராளம். இவை இரண்டும் தாகத்தில் செத்து நான் பார்த்ததில்லை. அன்பில் செத்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடி இலை மஞ்சளித்து மொறுமொறுவென்று காய்கிறது, சட்டி லேசாக இருக்கிறது

தண்ணீர் போதவில்லை. ஒரு சூட்சுமம் மட்டும் உண்டு. நன்றாகக் காய்ந்த கோகோபீட் சுருங்கிச் சட்டியின் ஓரத்தை விட்டு விலகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடி அடியில் வடிந்துவிடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். சட்டியை ஒரு வாளித் தண்ணீரில் பாதி உயரம் வரை அரைமணி நேரம் வைத்தால் அடியிலிருந்து ஊறும்.

மாதம் ஓர் அடி இலை மட்டும் மஞ்சளித்து விழுகிறது, மேலே தளிர் நன்றாக வருகிறது

வயசு. பறித்துப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

செடி முழுக்க வெளிறல், கணுவுக்குக் கணு நீண்டு, சன்னல் பக்கம் சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை. மத்தியானம் இலைக்கு ஓரடி மேலே உங்கள் கையைப் பிடியுங்கள். நிழல் விளிம்போடு தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக விழுந்தால் மணிபிளான்ட், அக்லோனிமா, சிங்கோனியம் தாங்கும். நிழலே விழவில்லை என்றால் அந்த இடம் பிளாஸ்டிக் பூவுக்கு உரியது.

நம் பழைய ஓட்டு வீடுகளில் இறவாரம் தாழ்வு, சுற்றிலும் தென்னை, பலா, மா. உள்ளே குளிர்ச்சிதான், ஆனால் இருட்டு. மழைக்காலத்தில் அந்த வெளிச்சமும் பாதியாகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை செடியைச் சன்னலுக்கு இரண்டடி கிட்டே நகர்த்துங்கள், அல்லது சிட்டவுட்டின் கிரில் ஓரத்துக்கு. இருட்டில் நிற்கும் செடிக்கு உரம் போட்டால் அது சாப்பிடாது. உப்பாகச் சட்டியிலேயே தங்கும். நேர் வெயிலுக்குத் திடீரென்று கொண்டுபோகவும் வேண்டாம், இலை வெந்துவிடும்.

தண்ணீர் சரி, வெளிச்சம் சரி, ஆனாலும் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரே சீராக மஞ்சள் ஏறுகிறது

இப்போது பட்டினியைச் சந்தேகிக்கலாம். நரம்பு, இடைவெளி என்ற வித்தியாசமே இல்லாமல் இலை மொத்தமும் வெளிர்பச்சையாகி மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. கேள்வி, ஏன் குறைந்தது என்பது. நம் ஊரில் அதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்: கோகோபீட்.

தேங்காய் நார் உரிக்கிற ஊர் நம்முடையது, கோகோபீட்டுக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு நர்சரியில் ஆளுயர அரேக்கா பாம் வாங்கினேன். எந்த நர்சரி என்பது வேண்டாம். 'மண் மாற்றியாச்சு சார்' என்றார்கள். நாலு மாதத்தில் அடிமட்டைகள் வரிசையாக மஞ்சளித்தன. கவிழ்த்துப் பார்த்தால் சட்டி முழுக்க மக்காத பச்சை நார்த்துகள், ஒரு பிடி மண் கிடையாது. நார்த்துகளில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் மிகச் சொற்பம். அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தங்கள் பசிக்குச் சட்டியில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். செடிக்குப் பந்தியில் இடம் கிடைக்காது.

நன்றாக மக்கிய பழுப்பு நார்த்தூளாகப் பார்த்து வாங்கினால் மட்டும் போதாது, கழுவவும் வேண்டும். 650 கிராம் கட்டி ஒன்றை வாளியில் ஊற வைத்தால் எட்டு, ஒன்பது லிட்டர் அளவுக்குப் பொங்கும். பிழிந்தால் முதல் தண்ணீர் கடுஞ்சாயா நிறத்தில் வரும். கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். மூன்றாவது, நாலாவது தண்ணீர் வெளிறும் வரை விடாதீர்கள். கடலோர உப்புத்தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளானால் சோடியமும் அதோடு போகும்.

தழைச்சத்துக்கு நான் செய்வது: சட்டியின் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குக் கிளறி ஒரு பிடி மண்புழு உரம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அவசரம் என்றால் 19:19:19 கலவை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில்), லிட்டருக்கு ஒரு கிராம், இருபது நாளுக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் மட்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். மீன் அமிலம் தோட்டத்துக்கு அருமையான சரக்கு. மீன் கழிவு சும்மாவே கிடைக்கும் ஊர் என்பதால் எனக்கும் ஒருநாள் ஆசை வந்தது. ஹாலில் இருந்த சட்டிக்கு ஊற்றினேன். ராத்திரி இரண்டு பூனைகள் சேர்ந்து செடியைத் தோண்டிப் போட்டிருந்தன. வீட்டுக்குள் வேண்டாம்.

அடி இலையில் நரம்பு பச்சை, நடுவெளி மஞ்சள்

மக்னீசியம். இலையின் காம்புப் பக்கம் தலைகீழ் 'வி' மாதிரி ஒரு பச்சை மிஞ்சி நிற்கும், ஓரமும் இடைவெளியும் மஞ்சளாகும். குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்தவர்கள் 10:10:4:1.5 என்ற கலவையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். கடைசியில் தொங்கும் அந்த 1.5 மக்னீசியம்தான். பெருமழை மண்ணிலிருந்து அதை அரித்துக்கொண்டு போய்விடுவதால் தனியாகச் சேர்க்கிறார்கள். நம் சட்டிக்குள் காரணம் வேறு மாதிரி. கழுவாத கோகோபீட்டில் சாம்பல்சத்து மிகுதி; அது அதிகமானால் வேர் மக்னீசியத்தை எடுக்க முடியாமல் தள்ளிவிடும். (ஹாலில் வைக்கும் ரப்பர் பிளான்ட்டும் தோட்டத்தில் பால் வெட்டும் ரப்பரும் ஒன்றல்ல. ஹாலில் இருப்பது ஆல மரத்தின் சொந்தம்.)

எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு அரை டீஸ்பூன் கரைத்து மண்ணுக்கு ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை, இரண்டு மாதம் பார்த்தால் போதும். யூடியூபில் சொன்னார்கள் என்று எல்லாச் செடிக்கும் வாரம் ஒரு ஸ்பூன் போடுகிறவர்கள் புதிதாக ஒரு சிக்கலைத்தான் வாங்குகிறார்கள்.

இதே அடி இலையில் நடுப்பகுதி பச்சையாக இருந்து ஓரம் மட்டும் மஞ்சளித்துக் கருகினால் சாம்பல்சத்துக் குறைவு. நாலு மூடு வாழை வைத்தவர்களுக்கு இந்த ஓரக்கருகல் பார்த்த முகமாக இருக்கும். வீட்டுச் செடியில், அதுவும் கோகோபீட்டில், அபூர்வம்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடு போட்டதுபோல

இரும்புச்சத்து. கடுமையானால் தளிர் கிட்டத்தட்ட வெள்ளையாகவே விரியும். பாதிப் பேர் உடனே இரும்பு டானிக் வாங்கப் போவார்கள். துரு ஆணியைச் சட்டியில் சொருகுகிற ஆட்களும் உண்டு. ஆணியிலிருந்து செடிக்கு ஒன்றும் கிடைக்காது. கலவையில் இரும்பு பெரும்பாலும் இருக்கும்; காரத்தன்மை ஏறியதால் அது கரையாமல் பூட்டிக்கிடக்கும். பூட்டியது நாம் ஊற்றும் கடினத் தண்ணீர்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. வெந்நீர் போடும் பாத்திரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகக் காரை கட்டியிருந்தால் கடினத் தண்ணீர். ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கிணறு நன்றாக இருக்கும், அடுத்த வீட்டு போர் உவர்க்கும். எனவே அடுத்த வீட்டில் கேட்டுப் பயனில்லை.

மருந்து வானத்திலிருந்தே வருகிறது. முதல் மழையில் கூரை அழுக்குப் போகட்டும், அதற்குப் பிறகு இரண்டு டிரம் பிடித்து மூடி வையுங்கள். கொசு வலை கட்ட மறக்க வேண்டாம். இரண்டு மாதம் மழைத்தண்ணீர் மட்டும் விட்டால் புதுத் தளிர் பல நேரம் தானாகவே பச்சையாக வரும். ஏசியில் சொட்டும் தண்ணீரும் உப்பில்லாததுதான். பொறுக்க முடியாதவர்கள் கீலேட் வடிவ இரும்பு (பூட்டிக்கொள்ளாமல் கரைந்தே இருக்கும்படி செய்தது) வாங்கலாம்: இ.டி.டி.ஏ. வகை காரம் ஏறிய மண்ணில் சீக்கிரம் வலுவிழக்கும், இலையில் தெளிக்க அது போதும். மண்ணில் ஊற்றுவதானால் இ.டி.டி.எச்.ஏ. வகை. அளவு பொட்டலத்தில் உள்ளபடி, முதல் தடவை அதில் பாதி.

ஒரு விதிவிலக்கு: வேர் அழுகினாலும் தளிர் இப்படி வெளிறலாம். விரல் சோதனையைத் தாண்டிக்கொண்டு இங்கே வராதீர்கள்.

நுனி பழுப்பாகக் கருகுகிறது, அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள்

மண்ணின் மேல் அல்லது சட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிகிறதா? அப்படியானால் உப்பு. கடலைப் பார்த்த சன்னல் உள்ள வீடுகளில் கண்ணாடியிலேயே உப்புப் பிசுக்கு ஒட்டும். அதே பிசுக்கு இலையிலும் இருக்கும், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். இப்போது பல வீடுகளில் ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பை இறக்க, சட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு மழைத்தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுக்க வடிய விடுங்கள். மழைக்கு நடுவே வெயில் அடிக்கிற ஒரு நாளாகப் பார்த்துச் செய்தால் சீக்கிரம் காயும்.

படிவு இல்லை, நுனி மட்டும் காய்கிறது என்றால் காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை; கணவாய் வழியே வரும் அந்தக் காற்று கலேத்தியா மாதிரி மெல்லிய இலைச் செடிகளை ஒரே வாரத்தில் நுனி கருக்கிவிடும். சன்னலுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் ஒதுக்குங்கள்.

ஊசியால் குத்தியதுபோல மஞ்சள் புள்ளிகள்

பூச்சி. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையை இரண்டு தட்டு தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நடக்கத் தொடங்கினால் அது சிலந்திப்பேன். இலைக்கு அடியில் மெல்லிய வலையும் தெரியும். காம்பு இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால் மாவுப்பூச்சி. இலை பிசுபிசுக்கும், எறும்பு ஊரும். முதலில் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போகும். பிறகு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய நாலு சொட்டு சோப்புத் திரவம். சாயங்காலம் ஓர் இலையில் தெளித்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றால் மறுநாள் முழுச் செடிக்கும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். ஒரே தடவையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வந்து நிற்கும்.

பலித்ததா என்று எப்படித் தெரியும்?

மஞ்சளித்த அடி இலை பெரும்பாலும் திரும்பப் பச்சையாகாது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பொறுமை போய் இன்னொரு மருந்தை ஊற்றத் தோன்றும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மூன்று நாலு வாரம் விடுங்கள். மாற்றிய அன்று கடைசியாக விரிந்த இலையின் காம்பில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். அதற்குப் பிறகு வரும் இலைகள்தான் கணக்கு.

மயினியின் பீஸ் லில்லிக்கு ஜூலையில் நூல் கட்டச் சொன்னேன். கைக்குக் கிடைத்த சிவப்புக் கயிற்றை எடுத்துக் கட்டியிருக்கிறார். வந்து போகிறவர்களெல்லாம் செடிக்கும் நேர்ச்சையா என்று கேட்கிறார்களாம். செப்டம்பர் கடைசியில் படம் அனுப்பினார்: கயிற்றுக்குப் பிறகு மூன்று இலை, மூன்றும் கரும்பச்சை. கீழே ஒரு வரி: "இப்ப உரம் போடலாமா?"